பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்களும் பெருநிறுவனத் தளங்களும்: ஓர் ஒப்பீடு

சமூக வலைத்தளங்களை, அவை நடத்தப்படும் முறையை வைத்து இரண்டு வகைகளாகப் பிரிக்கலாம். முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் (முன்பு ட்விட்டர்) ஆகியவை முதல் வகை. இவற்றில் நம் கணக்கு, பதிவுகள், படங்கள், நண்பர் பட்டியல் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கணினிகளில், அந்த நிறுவனம் வகுத்த விதிகளுக்கு உட்பட்டு இருக்கும். மாஸ்டடான், பிக்சல்ஃபெட், பியர்டியூப், டயாஸ்போரா ஆகியவை இரண்டாம் வகை. இவற்றில் பலர் தனித்தனியாக நடத்தும் வழங்கிகள் (சர்வர்கள்) ஒரு பொது நெறிமுறையின் மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். முழு வலையமைப்புக்கும் ஒரே உரிமையாளர் கிடையாது. இவற்றையே பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்கள் என்கிறோம்.

இரண்டில் எது சிறந்தது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல கேள்வி உண்டு. நாளை நான் இந்தத் தளத்தை விட்டு வெளியேற நேர்ந்தால், அல்லது இந்தத் தளமே மூடப்பட்டால், என் எழுத்தும் என் தொடர்புகளும் என்னோடு வருமா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

தமிழர்களின் பழைய அனுபவம்

பரவலாக்கப்பட்ட வலையமைப்பு என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1990களில் வெளிநாடுகளில் படித்த, பணியாற்றிய தமிழர்கள் யூஸ்நெட்டில் இருந்த ‘சாக்.கல்ச்சர்.தமிழ்’ என்ற செய்திக்குழுவில் உரையாடினார்கள். யூஸ்நெட்டுக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. பல்கலைக்கழகங்களும் இணைய இணைப்பு தரும் நிறுவனங்களும் ஆளுக்கொரு வழங்கி வைத்திருந்தன. ஒரு வழங்கியில் இட்ட செய்தி, படியெடுக்கப்பட்டு மற்ற வழங்கிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்து வந்தது யாகூ குழுமங்களின் காலம். ராயர் காப்பி கிளப், மரத்தடி, அகத்தியர் போன்ற தமிழ்க் குழுமங்கள் அங்கே இயங்கின. கதை, கவிதை, இலக்கண விவாதம், வரலாற்றுச் சர்ச்சை என ஆயிரக்கணக்கான மடல்கள் அங்கே சேர்ந்தன. ஆனால் அவை இருந்த இடம் ஒரு நிறுவனத்தின் சொத்து. 2019 அக்டோபரில் யாகூ நிறுவனம், குழுமங்களில் சேர்ந்திருந்த உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 15 அன்று அந்தச் சேவையே மூடப்பட்டது. யாராவது முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்தவை மட்டும்தான் மிஞ்சின.

இதோடு மதுரைத் திட்டத்தை ஒப்பிடலாம். 1998 பொங்கல் நாளையொட்டித் தொடங்கிய அந்தத் தன்னார்வ முயற்சி, தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டது. எவரும் படியெடுத்துப் பகிரலாம் என்று அனுமதித்ததால், அந்த நூல்கள் இன்று பல தளங்களிலும் பலருடைய கணினிகளிலும் இருக்கின்றன. ஒரு தளம் நின்றுபோனாலும் நூல் அழியாது. பழைய காலத்தில் ஒரே சுவடியைப் பல ஊர்களில் படியெடுத்து வைத்ததால்தான் பல நூல்கள் தப்பிப் பிழைத்தன. காரணம் இரண்டுக்கும் ஒன்றே.

2019 நவம்பரில் நடந்தது

மாஸ்டடான் என்ற பெயர் இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்டது 2019 நவம்பரில்தான். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே தம் ட்விட்டர் கணக்கில் ஒரு பழைய ஒளிப்படத்தை வைத்திருந்தார். 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் கூட்டமே நாஜி வணக்கம் செலுத்தும்போது, ஒரே ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம் அது. நாஜிக் கொடுமைக்கு எதிரான படமாகவே உலகம் அதைப் பார்க்கிறது. ஆனால் அந்தப் படம் தளத்தின் விதிகளுக்கு எதிரானது என்று சொல்லி அவருடைய கணக்கை ட்விட்டர் முடக்கியது. பிறகு ஒரு கவிதை தொடர்பான பழைய பகிர்வுக்காக மீண்டும் முடக்கியது. அவர் நிறுவனத்துக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பினார். டெல்லி உயர் நீதிமன்றத்தையும் நாடினார்.

இதைக் கண்ட இந்திய எழுத்தாளர்கள், இதழாளர்கள், மாணவர்கள் பலர் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ட்விட்டரை முழுமையாகக் கைவிடவில்லை. ஆனாலும் ‘நம் கணக்கு உண்மையில் நம்முடையதா?’ என்ற கேள்வி இந்தியாவில் பலரையும் யோசிக்க வைத்தது அப்போதுதான். சட்டம் அறிந்த ஒரு மூத்த வழக்கறிஞருக்கே இந்த நிலை என்றால், கிராமத்தில் கைப்பேசியில் படம் போடும் ஓர் இளைஞர் யாரிடம் போய் முறையிடுவார்?

2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது இரண்டாவது இடப்பெயர்வு நடந்தது. இந்த முறை உலகம் முழுவதிலிருந்தும் பல லட்சம் பேர் மாஸ்டடானுக்கு வந்தார்கள். 2023 ஜூலையில் ட்விட்டரின் பெயரும் எக்ஸ் என மாறியது.

பரவலாக்கப்பட்ட வலையமைப்பு எப்படி இயங்குகிறது?

இதைப் புரிந்துகொள்ளத் தொலைபேசியே போதும். அரூரில் இருப்பவர் ஏர்டெல் எண் வைத்திருக்கலாம், பென்னாகரத்தில் இருப்பவர் பிஎஸ்என்எல் எண் வைத்திருக்கலாம். ஒருவரை ஒருவர் அழைக்க இருவரும் ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலும் அப்படித்தான். ஜிமெயிலிலிருந்து ரீடிஃப்மெயிலுக்குக் கடிதம் போகிறது. ஆனால் முகநூலில் மட்டுமே இருக்கும் நண்பருக்கு எக்ஸ் தளத்திலிருந்து செய்தி அனுப்ப முடியாது. இது தொழில்நுட்பத்தால் வந்த தடை அல்ல. நிறுவனங்கள் தங்களைச் சுற்றி எழுப்பிக்கொண்ட மதில்.

அந்த மதில் இல்லாமல் தளங்கள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். அந்த மொழிதான் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் இதைப் பரிந்துரைக்கப்பட்ட தரமாக வெளியிட்டது. மாஸ்டடான் மென்பொருளை ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்டார். அது கட்டற்ற மென்பொருள். அதாவது, எவரும் அதை இலவசமாக எடுத்துத் தம் வழங்கியில் நிறுவலாம், மாற்றி அமைக்கலாம்.

மாஸ்டடான் முகவரியில் மின்னஞ்சலைப் போலவே இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று பயனர் பெயர், மற்றொன்று வழங்கியின் பெயர். ஒரு வழங்கியில் இருப்பவர் வேறு வழங்கியில் இருப்பவரைப் பின்தொடரலாம், மறுமொழி எழுதலாம். மாஸ்டடான் கணக்கிலிருந்து பியர்டியூபில் உள்ள காணொளித் தடத்தையோ பிக்சல்ஃபெட்டில் உள்ள ஒளிப்படக்காரரையோ கூடப் பின்தொடரலாம். இப்படி இணைந்த வழங்கிகளின் மொத்தத் தொகுப்பை ஃபெடிவர்ஸ் என்கிறார்கள். ‘கூட்டமைப்பு வெளி’ என்று தமிழில் சொல்லலாம்.

நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தையும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். காலையில் நாம் பால் ஊற்றும் சங்கம் அந்த ஊர் உறுப்பினர்களுடையது. அத்தகைய சங்கங்கள் சேர்ந்து மாவட்ட ஒன்றியம். ஒன்றியங்கள் சேர்ந்து ஆவின் என்று நாம் அழைக்கும் மாநில இணையம். ஒவ்வொரு சங்கமும் தனி, ஆனால் எல்லாம் இணைந்தவை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஃபெடிவர்ஸில் ஒன்றியம், இணையம் போன்ற மேல் அமைப்புகள் இல்லை. சங்கங்கள் நேரடியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

வெளியேறும் உரிமை

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். 2004இல் தொடங்கி இந்திய இளைஞர்களிடையே புகழ்பெற்ற ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது. இந்திய மொழிகளுக்காக பெங்களூரில் 2020இல் தொடங்கி, தமிழிலும் இயங்கிய ‘கூ’ தளம் 2024 ஜூலையில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நிறுவனம் உள்நாட்டுடையதா வெளிநாட்டுடையதா என்பது இங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், அந்த இடம் போகும்போது எல்லாம் போகும்.

அரசு ஆணையாலும் இது நிகழலாம். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. அவற்றில் டிக்டாக்கும் ஒன்று. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து பாட்டும் நடிப்பும் நகைச்சுவையுமாகப் பல ஆயிரம் ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்கள், மறுநாள் வேறு தளத்தில் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். அவர்கள் சேர்த்த ரசிகர்களை எடுத்துச் செல்ல வழி இல்லாமல் போனது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

கைப்பேசியில் இந்தச் சிக்கலை நாம் ஓரளவு தீர்த்துவிட்டோம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதற்கு முன், சேவை பிடிக்காவிட்டாலும் எண் போய்விடுமே என்ற அச்சத்தில் பலர் பழைய நிறுவனத்திலேயே இருந்தார்கள். சமூக வலைத்தளங்களில் நாம் இன்னும் அந்தப் பழைய நிலையில்தான் இருக்கிறோம்.

மாஸ்டடானில் ஒரு வழங்கியிலிருந்து மற்றொரு வழங்கிக்கு மாறும்போது, நம்மைப் பின்தொடர்பவர்களைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். நாம் பின்தொடர்பவர்களின் பட்டியலையும் கோப்பாக எடுத்துச் செல்லலாம். ஆனால் இங்கும் ஒரு குறை இருக்கிறது. பழைய பதிவுகள் புதிய கணக்குக்கு வராது. அவற்றைப் பதிவிறக்கி நம் கணினியில் வைத்துக்கொள்ள மட்டுமே முடியும். முகநூல் போன்ற தளங்களும் நம் பதிவுகளைப் பதிவிறக்கிக்கொள்ள வழி தருகின்றன. ஆனால் நண்பர்களோடுள்ள தொடர்பை அங்கிருந்து வேறு தளத்துக்குக் கொண்டுபோக முடியாது.

விளம்பரமும் தனியுரிமையும்

பெருநிறுவனத் தளங்கள் பயனரிடம் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. விளம்பரமே அவற்றின் முதன்மை வருவாய். நாம் எவ்வளவு நேரம் தளத்தில் இருக்கிறோமோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். நம்மைப் பற்றி எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு விலைக்கு அந்த விளம்பரத்தை விற்கலாம். ஆகவே எந்தப் பதிவு நம் கண்ணில் பட வேண்டும் என்பதை, நம்மை நீண்ட நேரம் இருத்தி வைக்கும் கணக்கீட்டு முறைகள் முடிவு செய்கின்றன. மாஸ்டடானில் விளம்பரம் இல்லை. நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் கால வரிசைப்படி வருகின்றன.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியது. ஏற்காவிட்டால் சேவை கிடைக்காது என்ற முறையில் அது அறிவிக்கப்பட்டதால், இந்தியாவில் பலர் சிக்னல், டெலிகிராம் செயலிகளுக்கு மாறினார்கள். இந்தக் கொள்கை மாற்றம் தொடர்பாக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மெட்டா அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது.

பரவலாக்கப்பட்ட தளம் என்றாலே முழுப் பாதுகாப்பு என்றும் எண்ணிவிடக் கூடாது. மாஸ்டடானில் தனிச் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. வழங்கியை நடத்துபவர் நினைத்தால் தொழில்நுட்ப அளவில் அவற்றைப் பார்க்க முடியும். ஆகவே வழங்கியை நடத்துபவர் யார் என்று தெரிந்து சேர்வது முக்கியம்.

வதந்தியும் மட்டுறுத்தலும்

பெருநிறுவனத் தளத்துக்கு ஓர் உண்மையான வலிமை உண்டு. 2018 மே மாதம் நம் அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே, கோயிலுக்கு வந்த 65 வயது பெண்மணி ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்று தவறாக நினைத்துக் கூட்டம் அடித்துக் கொன்றது. அப்போது வாட்ஸ்அப்பில் குழந்தைக் கடத்தல் வதந்திகள் பரவிக்கொண்டிருந்தன. நாட்டின் வேறு பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நடந்தன. அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரே நிறுவனம் என்பதால் அந்த மாற்றத்தை நாடு முழுவதற்கும் கொண்டுவர முடிந்தது. ஆயிரக்கணக்கான வழங்கிகள் கொண்ட வலையமைப்பில் இப்படி ஒரே ஆணையில் விதியை மாற்ற முடியாது.

பரவலாக்கப்பட்ட வலையமைப்பின் வழி வேறு. 2019 ஜூலையில், வெறுப்புப் பேச்சுக்காகக் கண்டிக்கப்பட்ட கேப் என்ற அமெரிக்கத் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. மென்பொருள் கட்டற்றது என்பதால் அதை யாரும் தடுக்க முடியவில்லை. ஆனால் மற்ற வழங்கிகள் பலவும் கேப்புடன் தொடர்பைத் துண்டித்துக்கொண்டன. தீய தளத்தை மூட முடியாது, ஆனால் நம் தெருவுக்குள் வராமல் கதவை அடைக்கலாம் என்பதே இங்குள்ள முறை.

மொழியும் இதில் முக்கியம். தமிழில் ஒரு சொல் வசையா, வட்டார வழக்கா, கேலியா என்பது தமிழறிந்தவருக்கே தெரியும். தமிழர்கள் நடத்தும் வழங்கியில் மட்டுறுத்துநரும் தமிழராக இருக்கலாம். ஆனால் அவர் ஊதியமின்றி, தம் ஓய்வு நேரத்தில் அந்தப் பணியைச் செய்ய வேண்டியிருக்கும்.

சட்டம் இரு வகைகளுக்கும் பொருந்தும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இத்தகைய சேவையை நடத்துபவர் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் பதிவு பெற்ற பயனர்கள் உள்ள தளங்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு. 2023 மே மாதம் ஜம்மு காஷ்மீர் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு தடுத்த 14 செய்திச் செயலிகளில், மேட்ரிக்ஸ் என்ற பரவலாக்கப்பட்ட வலையமைப்பின் செயலியான எலிமென்ட்டும் ஒன்று.

செலவும் உழைப்பும்

வழங்கி என்பதும் ஒரு கணினிதான். அதற்கு வாடகை, மின்சாரம், பராமரிப்பு எல்லாம் வேண்டும். மாஸ்டடான் வழங்கிகள் பலவும் நன்கொடையால் இயங்குகின்றன. நடத்துபவருக்கு உடல்நலக் குறைவோ பணத் தட்டுப்பாடோ வந்தால் வழங்கி நின்றுவிடலாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லா அமைப்பே தன் மாஸ்டடான் வழங்கியை 2024 டிசம்பரில் மூடிவிட்டது. ஆனால் அதன் பயனர்கள் முன்னறிவிப்பு பெற்று, பின்தொடர்பவர்களோடு வேறு வழங்கிக்கு மாற முடிந்தது. மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறும் வழங்கிகள், மூடுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே அறிவிப்பதாக உறுதியளிக்க வேண்டும்.

இந்தியாவில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் எஃப்எஸ்சிஐ குழு டயாஸ்போரா, மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி சேவைகளைத் தன்னார்வத்தால் நடத்தியிருக்கிறது. உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கமாக நடத்த வேண்டும் என்ற நோக்கத்துடன் ‘ப்ராவ்’ என்ற செய்திச் செயலியையும் இந்தியத் தன்னார்வலர்கள் உருவாக்கி வருகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே

இரு வகைகளுக்கும் இடையே உள்ள கோடு இப்போது மங்கி வருகிறது. மெட்டா நிறுவனம் 2023 ஜூலையில் தொடங்கிய த்ரெட்ஸ் தளத்தில், ஆக்டிவிட்டிபப் மூலம் ஃபெடிவர்ஸுடன் பதிவுகளைப் பகிரும் வசதி 2024 முதல் படிப்படியாக வந்துள்ளது. ட்விட்டரின் ஆதரவோடு ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 2024 பிப்ரவரியில் அனைவருக்கும் திறக்கப்பட்ட புளூஸ்கை, தனக்கென ஒரு திறந்த நெறிமுறையை வைத்திருக்கிறது. ஆனால் அதன் பெரும்பாலான கணக்குகள் அந்த நிறுவனத்தின் வழங்கிகளிலேயே இருக்கின்றன.

தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சோகோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட அரட்டை செயலி, 2025 செப்டம்பரில் திடீரெனப் பரவலானது. அப்போது அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, செய்திச் செயலிகள் யூபிஐ போலவும் மின்னஞ்சல் போலவும் ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டும் என்று சொன்னார். யூபிஐ பற்றி மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர் போன்பே வைத்திருந்தாலும் நாம் கூகுள் பேயிலிருந்து பணம் அனுப்புகிறோம். பணத்துக்கு முடிந்தது பேச்சுக்கும் முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டக் கடமைகளின்படி, வாட்ஸ்அப் அங்கே பிற செயலிகளுக்கும் வழிவிட வேண்டும்.

சுருக்க ஒப்பீடு

உரிமை: பெருநிறுவனத் தளம் ஒரே நிறுவனத்துடையது. பரவலாக்கப்பட்ட தளத்தில் ஒவ்வொரு வழங்கிக்கும் ஒரு நடத்துநர்.
வருவாய்: முன்னதில் பெரும்பாலும் விளம்பரம். பின்னதில் பெரும்பாலும் நன்கொடை.
ஆட்கள்: முன்னதில் உறவினர், நண்பர், கடை, அலுவலகம் எல்லாரும் இருக்கிறார்கள். பின்னதில் தமிழர் கூட்டம் இன்னும் சிறியது.
எளிமை: முன்னதில் சேர்வது எளிது. பின்னதில் வழங்கியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள்.
வெளியேற்றம்: முன்னதில் பதிவுகளை எடுக்கலாம், தொடர்புகளை எடுக்க முடியாது. மாஸ்டடானில் தொடர்புகளை எடுத்துச் செல்லலாம், பழைய பதிவுகளைக் கோப்பாக மட்டும் சேமிக்கலாம்.

மாணவர்கள் செய்யக்கூடியவை

இதைப் படித்தவுடன் இருக்கும் கணக்குகளை எல்லாம் மூடிவிட வேண்டியதில்லை. உறவினர்கள் எல்லாரும் இருக்கும் குழுவை விட்டு ஒருவர் மட்டும் வெளியேறுவது நடைமுறைக்கு ஒத்து வராது. ஆனால் சில பழக்கங்களை இன்றே தொடங்கலாம்.

முதலாவது, நீங்கள் எழுதிய நல்ல கட்டுரை, எடுத்த அரிய படம், பாட்டியிடம் பதிவு செய்த பாட்டு எதுவாக இருந்தாலும் அதன் மூலப்படி உங்களிடம் இருக்கட்டும். சமூக வலைத்தளத்தில் இருப்பது படியாக மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு முறையாவது தளத்தின் அமைப்புகள் பகுதிக்குச் சென்று உங்கள் தரவைப் பதிவிறக்கி வையுங்கள்.

மூன்றாவது, கணக்கு முடக்கப்பட்டால் முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவருடைய முடிவு நிறைவளிக்காவிட்டால், 2023இல் ஒன்றிய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாட்களுக்குள் இணையவழியில் முறையிடலாம்.

நான்காவது, மாஸ்டடானிலோ வேறு பரவலாக்கப்பட்ட தளத்திலோ ஒரு கணக்குத் தொடங்கி, தமிழில் நாலு வரி எழுதிப் பாருங்கள். வழங்கியின் விதிகளைப் படித்துவிட்டுச் சேருங்கள். கணினி அறிவியல் படிப்பவர்கள் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறிய வழங்கியை நிறுவிப் பார்த்தால், ஒரு சமூக வலைத்தளம் உள்ளே எப்படி இயங்குகிறது என்பது பாடநூலைவிடத் தெளிவாகப் புரியும். அதை நடத்த எவ்வளவு உழைப்பும் பொறுப்பும் வேண்டும் என்பதும் அப்போது தெரியும்.

யாகூ குழுமங்கள் மூடப்பட்டபோது காணாமல் போனவற்றில் நம்மவர்கள் எழுதிய தமிழும் இருந்தது. இன்று முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதப்படும் தமிழ் அதைவிடப் பல மடங்கு. ஒரு கல்லூரி மாணவர் தம் ஊரின் வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்தால், இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு மாணவர் அதைத் தேடிப் படிக்க முடிய வேண்டும். அதற்கு அந்தப் பதிவு ஒரே நிறுவனத்தின் கையில் மட்டும் இல்லாமல் பல இடங்களில் இருக்க வேண்டும்.